ஆறு பெரிதா, முப்பத்தெட்டு பெரிதா?

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போயிருந்தபோது பழைய அலுவலக நண்பர் ஒருவர் எதிரே வந்தார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"ஃபெரிட்டின் 22ன்னு போட்டிருக்கான். நல்லதா, கெட்டதா? நீங்கதான் இதெல்லாம் படிக்கிற ஆளாச்சே, சொல்லுங்க."

நான் பதில் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைத்தான் முதலில் படித்தேன். நண்பர் சிரித்தார். "இன்னும் ஆடிட் புத்தி போகலையா உங்களுக்கு?" என்றார்.

அந்தப் புத்தி ஒருமுறை போயிருந்தது. ஒரே ஒரு முறை. அதற்கு விலை கொடுத்தவர் நான் அல்ல, என் அக்கா. வலைப்பூவில் இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமே கேட்டேன். "எழுது தம்பி, நாலு பேருக்காவது உபயோகமாகட்டும்" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறினாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டில்தான் முடிந்தது. அந்த இடைக்காலத்துப் பிள்ளைகளில் நான் ஒருவன். கணக்கு முழுக்கப் பிரெஞ்சில்தான் படித்தேன். ஆறு புள்ளி இரண்டு என்பதை நாங்கள் 6.2 என்று எழுத மாட்டோம். நடுவில் காற்புள்ளி வைத்து 6,2 என்று எழுதுவோம். "சீஸ் விர்குல் தே" என்று வாய்விட்டுச் சொல்வோம். பிறகு அரசு வேலையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது முதல் வாரமே என் சூப்பரிண்டெண்டென்ட் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இது என்ன, அறுபத்திரண்டா, ஆறாயிரமா?" என்று கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. பழக்கம் மாற ஆறு மாதம் ஆயிற்று.

முப்பத்தேழு வருஷம் நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், பத்தியின் தலைப்பைப் பார்ப்பது. பட்ஜெட் தாளில் எண் 45 என்று இருக்கும். மேலே 'ஆயிரத்தில்' என்று போட்டிருந்தால் அது நாற்பத்தைந்தாயிரம், 'இலட்சத்தில்' என்று போட்டிருந்தால் நாற்பத்தைந்து இலட்சம். தலைப்பைப் பார்க்காமல் கூட்டினவன் தொலைந்தான். எனக்குக் கீழே வந்த எத்தனையோ பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இனி அக்கா கதை.

அக்காவுக்கு அப்போது 79 வயது. மகன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். நம் ஊரில் இது பாதி வீட்டில் உள்ள கதைதான். அவனோடு ஐந்து மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போனார்கள். போன இடத்தில் ஒரே சோர்வு. அங்குள்ள டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 10,6. ஃபெரிட்டின் 12. 'ஃபேர் செரிக்', அதாவது ரத்த நீரில் உள்ள இரும்பு, 6,2. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு கடிதமும் கொடுத்தார். ஊர் திரும்பும் தேதி நெருங்கிவிட்டதால் ஊரில் உள்ள மருத்துவருக்கு என்று எழுதிய கடிதம் அது. மூன்று மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்கவும். ஏறவில்லை என்றால் குடல் உள்நோக்குப் பரிசோதனை அவசியம் என்று அதில் தெளிவாக இருந்தது.

கடிதம் பிரெஞ்சில் இருந்ததால் அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன்? இந்தக் காலத்தில் வீட்டில் யாருக்கும் பயன்படாமல் போன என் பிரெஞ்சு ஒரு நாள் பயன்பட்டதே என்று.

மூன்று மாதம் ஆனதும் நானே அக்காவைப் பக்கத்திலிருந்த லேபுக்குக் கூட்டிப் போனேன். "முழுசாப் பார்க்கணுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அயர்ன் மட்டும் போதும்மா" என்றேன். நூற்றுக்கணக்கில் எதற்கு வீண் செலவு என்ற எண்ணம். மாலையில் ரிப்போர்ட் வந்தது. அயர்ன் 38.

ஆறு எங்கே, முப்பத்தெட்டு எங்கே! ஆறு மடங்கு ஏறியிருக்கிறது என்று சந்தோஷமாகப் பாரிஸுக்குப் போன் போட்டேன். மருமகனும், "தேங்க்ஸ் மாமா, இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றான். எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருப்பதாக ரிப்போர்ட்டில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. ஏறிக்கொண்டிருக்கிறது, மீதியும் ஏறிவிடும் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் போகவில்லை. மாத்திரை தீர்ந்ததும் வாங்கவில்லை. "முருங்கைக்கீரை சாப்பிடுங்கக்கா" என்று சொன்னதோடு சரி.

நான்கு மாதம் கழித்து, மாடியில் துணி காயப்போடப் போன அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மருத்துவமனையில் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.4. டாக்டர் பழைய தாள்கள் எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் என்னைத் திட்டவில்லை. தாளின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு பெருக்கல் போட்டுக் காட்டினார்.

6.2 × 5.585 = 34.6

"இது அங்கே எடுத்தது. இங்கே எடுத்தது 38. ஏறவே இல்லையே ஐயா" என்றார்.

அந்த 38கூட நம்பும்படியானது இல்லை என்று பிறகு சொன்னார். அன்று காலையில் அக்கா மாத்திரை போட்டுக்கொண்டுதான் லேபுக்கு வந்தார்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ரத்த நீரில் இரும்பு கூடுதலாகத் தெரியும். அதையும் வைத்துத்தான் 38.

பிரெஞ்சு ரிப்போர்ட்டில் 6,2க்குப் பக்கத்தில் மைக்ரோமோல்/லிட்டர் என்று இருந்தது. நம் ஊர் ரிப்போர்ட்டில் 38க்குப் பக்கத்தில் மைக்ரோகிராம்/டெசிலிட்டர் என்று இருந்தது. இரண்டும் அச்சில்தான் இருந்தன. முப்பத்தேழு வருஷம் பத்தித் தலைப்பைப் பார்த்துச் சம்பளம் வாங்கினவன், தன் அக்காவின் ரத்தத்துக்குத் தலைப்பைப் பார்க்கவில்லை.

இந்த அலகுக் கணக்கை நண்பர்கள் ஒருமுறை பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கஷ்டமில்லை.

பெரிய மார்க்கெட்டில் தேங்காய் எண்ணி விற்கிறார்கள், சர்க்கரை நிறுத்து விற்கிறார்கள். வாழைப்பழம் டஜன் கணக்கிலும் கிடைக்கும், கிலோ கணக்கிலும் கிடைக்கும். ஒரே பழம்தான். 'ஒரு டஜன்' என்பதும் 'ஒன்றரைக் கிலோ' என்பதும் வேறு வேறு எண்கள், ஆனால் கூடையில் இருப்பது ஒன்றே. அதுபோல மைக்ரோகிராம் என்பது எடை. மைக்ரோமோல் என்பது எண்ணிக்கை, அதாவது எத்தனை அணுக்கள் என்ற கணக்கு. மோல் என்பதும் டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கைதான், மிகப் பெரிய டஜன். 1971இல் அதை உலக அளவை முறையின் அடிப்படை அலகுகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பிரான்ஸ் போன்ற நாடுகளில் ரத்தத்தில் உள்ள பல பொருள்களை எண்ணிக்கையில் சொல்கிறார்கள். நாம் அமெரிக்காவைப் போல எடையில் சொல்கிறோம்.

இரும்பின் அணு எடை 55.85. அதனால் ஒரு மைக்ரோமோல் இரும்பின் எடை 55.85 மைக்ரோகிராம். அடுத்தது பாத்திரம். அவர்கள் அளப்பது ஒரு லிட்டரில், நாம் அளப்பது ஒரு டெசிலிட்டரில், அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்கில். எனவே 55.85ஐப் பத்தால் வகுக்க 5.585. வெளிநாட்டு எண்ணை ஐந்தரைக்குச் சற்றுக் கூடுதலால் பெருக்கினால் நம் எண் வந்துவிடும். நம் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் அவர்கள் எண். பல லேபுகள் ரத்த நீர் இரும்புக்குப் போடும் இயல்பான எல்லை நம் கணக்கில் சுமார் 60 முதல் 170 வரை. அவர்கள் கணக்கில் சுமார் 10 முதல் 30 வரை.

கிலோவும் லிட்டரும் மீட்டரும் உலகத்துக்கு ஒரே அளவு வேண்டும் என்று 1795இல் சட்டம் போட்டதே பிரான்ஸ்தான். சின்ன வயதில் வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தியாவும் 1956இல் சட்டம் இயற்றி அந்த அளவைக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரே கிழவியின் ஒரே ரத்தத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு எண்.

எல்லா எண்ணையும் மாற்ற வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. அங்கேதான் இன்னொரு குழப்பம். ஃபெரிட்டினை அங்கே மைக்ரோகிராம்/லிட்டர் என்கிறார்கள், இங்கே நானோகிராம்/மில்லிலிட்டர் என்கிறார்கள். கேட்க வேறு வேறாக இருந்தாலும் இரண்டும் ஒன்றே. பொருளும் ஆயிரத்தில் ஒரு பங்கு, பாத்திரமும் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே 12 என்றால் இங்கேயும் 12. பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். ஹீமோகுளோபின் பிரான்ஸிலும் இங்கேயும் கிராம்/டெசிலிட்டர்தான். ஆனால் லண்டனில் பிள்ளை இருந்தால், அங்கே கிராம்/லிட்டர். நம் 10.6 அங்கே 106 ஆகிவிடும். நூற்றாறு என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்று ஒன்று வரும், அது விழுக்காடு. விழுக்காட்டுக்கு ஊர் கிடையாது, எங்கே எடுத்தாலும் ஒப்பிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மைக்ரோகிராமைச் சில லேபுகள் கிரேக்க எழுத்து மியூ போட்டு எழுதும், சில 'யு ஜி' என்று போடும், சில 'எம் சி ஜி' என்று போடும். மூன்றும் ஒன்றே. 'எம் ஜி' என்று போட்டால் அது மில்லிகிராம், ஆயிரம் மடங்கு. ஓர் எழுத்தில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

அலகு சரியாக இருந்தாலும், எந்த எண் எதைச் சொல்கிறது என்பது தெரிய வேண்டும். இதை எனக்கு அந்த டாக்டர் மருத்துவ மொழியில் சொன்னார். நான் கணக்குப் பிரிவு மொழியில் புரிந்துகொண்டேன்.

உடம்பில் மொத்தம் இருக்கும் இரும்பு மூன்று, நான்கு கிராம்தான். அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது தொழிலில் போட்ட முதல். ஃபெரிட்டின் காட்டுவது சேமிப்பை, வங்கியில் கிடக்கும் வைப்புத் தொகை மாதிரி. ரத்த நீர் இரும்பு என்பது பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் கைக்காசு. எந்த நேரத்திலும் மொத்தமே மூன்று, நான்கு மில்லிகிராம்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாத்திரை போட்டால் ஒன்று, போடாவிட்டால் ஒன்று. அதைக் கொண்டுபோகும் வண்டி டிரான்ஸ்ஃபெரின். வண்டியில் எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்பதுதான் அந்த விழுக்காடு. இருபதுக்குக் கீழே போனால் சரக்கு குறைவு என்று சந்தேகப்பட வேண்டும். அக்காவுக்கு மருத்துவமனையில் எடுத்தபோது இரும்பு 24, வண்டியின் மொத்தக் கொள்ளளவு 430. வகுத்துப் பாருங்கள், ஆறு விழுக்காடுகூட இல்லை. ஃபெரிட்டின் 7.

ஒருவன் பணக்காரனா ஏழையா என்று அவன் சட்டைப் பையில் இருக்கும் சில்லறையை எண்ணிப் பார்த்து யாராவது சொல்வார்களா? 'அயர்ன் மட்டும் போதும்மா' என்று நான் சொன்னது அதைத்தான். செலவு கூடுதலாகவே ஆகட்டும், ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்த்திருந்தால் அலகு தெரியாமலேயேகூட ஏறவில்லை என்று தெரிந்திருக்கும்.

ஃபெரிட்டினிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் நலமாக உள்ள பெரியவர்களுக்கு 15க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு என்கிறது. ஆனால் உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் 70க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்படச் சொல்கிறது. காரணம், காய்ச்சல், மூட்டு அழற்சி, கல்லீரல் கோளாறு இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். வங்கியில் பணம் இல்லாமலேயே பாஸ்புக்கில் மட்டும் கூடுதலாகத் தெரிகிற மாதிரி. நம் வயதில் ஏதாவது ஒரு அழற்சி இல்லாதவர் யார்? அதனால்தான் கடற்கரை நண்பரின் 22க்கு நான் நல்லது கெட்டது சொல்லவில்லை. "அலகு சரி. ஆனால் உங்களுக்கு மூட்டுவலி இருக்கே, இதை டாக்டரிடம் கொண்டுபோங்க" என்றேன். அதே காரணத்தால் ஃபெரிட்டின் 500 என்று வந்தால் இரும்பு கொட்டிக் கிடக்கிறது என்றும் முடிவு கட்டிவிட முடியாது.

அக்காவுக்கு இரும்பு எங்கே போயிற்று? நாம் சாப்பிடுவதிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு ஏற்றுக்கொள்வது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். வரவு அவ்வளவுதான். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 12 உள்ள ஒருவரின் ரத்தம் பத்து மில்லி, இரண்டு தேக்கரண்டி, வெளியே போனால் நான்கு மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. குடலில் தினமும் இரண்டு தேக்கரண்டி கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு என்பதால், கறுப்பாக இருக்கிறதே என்று அக்கா சொன்னபோதுகூட நாங்கள் கவலைப்படவில்லை. போதாக்குறைக்கு மாத்திரையைக் காலைக் காப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தார்கள். காப்பியும் தேநீரும் இரும்பை உள்ளே விடாது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். தைராய்டு மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது, சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி. அந்தப் பக்கத்துக் கட்டி பெரும்பாலும் வலி தராது, ரத்தமும் வெளிப்படையாகக் காட்டாது, சோகையாகத்தான் முதலில் தலைகாட்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அறுவை சிகிச்சை ஆயிற்று. பக்கத்து நிணநீர்ச் சுரப்பிகளுக்கும் பரவியிருந்ததால் ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டிற்று, சாப்பாடு பிடிக்காமல் போயிற்று, பாதி உருவமானார்கள்.

"நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாது சார்" என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா தெரியாது. அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது.

இதை ஒரு நண்பர் வட்டத்தில் சொன்னபோது ஒருவர் கோபமாகவே சொன்னார். "இதனாலதான் சொல்றேன், நாமளே ரிப்போர்ட் படிக்கிறது தப்பு. அது டாக்டர் வேலை. கவரைப் பிரிக்காம அப்படியே கொண்டுபோய்க் குடுக்கணும்."

பாதி சரி. நான் செய்த பெரிய தவறு அலகைப் பார்க்காதது மட்டுமல்ல, டாக்டரிடம் போகாததும்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவரைப் பிரிக்காமல் இருப்பது நம் காலத்தில் நடக்கிற காரியமா? ரிப்போர்ட் இப்போது போனுக்கே வந்துவிடுகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். டாக்டர் ஊருக்கு ஊர் மாறுகிறார். பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்து வைத்திருப்பது நாம்தான். கருவூலத்தில் யாருக்கு எவ்வளவு ஓய்வூதியம் என்று நான் முடிவு செய்ததில்லை. ஆனால் எண் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு தாளையும் மேலே அனுப்பியதில்லை. நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் நான் கேட்பது அந்தக் குமாஸ்தா வேலையை மட்டும்தான். வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை.

லேபுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அலகை எறும்பு எழுத்தில் போடுகிறீர்கள். உங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் கண்ணில் புரை விழுந்தவர்கள். இரண்டையும் ஒரே அளவில் போடுங்கள். தமிழிலும் ஒரு வரி சேருங்கள். இந்த ஊரில் பிரெஞ்சு ரிப்போர்ட்டோடு வருபவர்கள் அபூர்வமில்லை என்பது உங்களுக்கே தெரியும். இரும்புக்கு இரண்டு அலகிலும் போட்டுக் கொடுத்தால் கணிப்பொறிக்கு அது ஒரு நொடி வேலை.

அரசுக்கும் ஒன்று. 2018இல் 'அனீமியா முக்த் பாரத்' என்று திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம். குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், கருவுறும் வயதுப் பெண்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் என்று ஆறு பிரிவினர். அதில் முதியவர் என்ற பிரிவு இல்லை. சின்ன வயதில் சோகை என்றால் மாதவிடாய், பிரசவம், சாப்பாட்டுக் குறை என்று காரணம் பெரும்பாலும் தெரிந்ததாக இருக்கும். அறுபதைத் தாண்டியவருக்கு இரும்பு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "வயசானா அப்படித்தான்." இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரைப் பரிசோதனைக்குப் போகவிடாமல் வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறதோ! ஆணுக்கு 13க்கும் பெண்ணுக்கு 12க்கும் கீழே ஹீமோகுளோபின் போனால் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எழுபது வயதுக்கு என்று அதில் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

நான் இப்போது ஒரு நூறு பக்க நோட்டு வைத்திருக்கிறேன். அக்காவுக்கு ஒன்று, எனக்கும் மனைவிக்கும் ஒன்று. பத்திகள் ஆறு: தேதி, பரிசோதனை, எண், அலகு, அந்த லேபின் எல்லை, அன்று காலையில் சாப்பிட்ட மாத்திரை. அலகுப் பத்தியை நிரப்பாமல் எண் பத்தியில் பேனா வைப்பதில்லை. முடிந்தவரை ஒரே லேபில், காலையில், இரும்பு மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்கிறோம். எல்லாம் எழுதி முடித்த பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகிறோம்.

அக்காவுக்கு இப்போது 81. மெலிந்துதான் இருக்கிறார்கள், ஆனால் வாய் குறையவில்லை. ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு போனால் மட்டும், "வஞ்சிரம் எவ்வளவுடா தம்பி?" என்பார்கள். "தொள்ளாயிரம்" என்பேன். "கிலோவா, லிட்டரா? பார்த்து வாங்கினியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

போன மாதம் எடுத்தது: ஹீமோகுளோபின் 11.8 கிராம்/டெசிலிட்டர். ஃபெரிட்டின் 64 நானோகிராம்/மில்லிலிட்டர். பாரிஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அலகோடு சேர்த்து.